அக்கா எனக்குப் போட்ட மார்க்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தீபாவளி முடிந்து பனி இறங்க ஆரம்பித்திருந்த நாட்கள். கம்பைநல்லூருக்குப் பக்கத்தில் ஓர் அறக்கட்டளை நடத்திய சின்ன மையத்தில் நான் பிசியோதெரபிஸ்டாக இருந்தேன். மையம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓர் ஓட்டு வீட்டின் முன் அறை, அதில் இரண்டு கட்டில், சுவரில் கைப்பயிற்சிக்கு ஒரு கப்பியும் கயிறும், ஜன்னலோரம் ஒரு நிற்கும் சைக்கிள், வாசலில் நீளமாக ஒரு பெஞ்சு. அவ்வளவுதான்.

தினமும் காலையில் தருமபுரி பஸ் ஸ்டாண்டில் ஏறி ஜன்னலோர சீட்டைப் பிடித்துக்கொள்வேன். நான் பிறவியிலேயே கொஞ்சம் கனவில் நடக்கிற ஆள். பஸ் ஊரைத் தாண்டியதும் பனிக்குள்ளிருந்து புளியமரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே போய்விடும். அதைப் பார்த்துக்கொண்டே இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய், கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, ஒரு கிலோமீட்டர் திரும்பி நடந்த நாட்கள் நிறைய உண்டு.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மையத்துக்கு ஒரு படிவம் வந்தது.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம். நோயாளியிடம் "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்போம். "பரவால்லீங்க" என்பார். அதை எழுதி வைத்துக்கொள்வோம். முதல் நாள் பரவாயில்லைக்கும் முப்பதாவது நாள் பரவாயில்லைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் எங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அதனால் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி கேட்கப்படும் கேள்விகளைக் கேட்டு, நோயாளி சொல்லும் பதிலை எண்ணாக எழுதி, சிகிச்சைக்கு முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று பார்க்க வேண்டும் என அறக்கட்டளை முடிவு செய்தது. பத்துக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் பத்து வரை. சுத்தமாக முடியாது என்றால் பூஜ்யம், சிரமமே இல்லை என்றால் பத்து. மொத்தம் நூறு.

தருமபுரியில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். உண்மையாகவே எனக்கு அந்தப் படிவம் பிடித்துப்போனது. நாம் செய்கிற வேலை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு கோடாக மேலே ஏறும் என்பது எத்தனை நல்ல விஷயம்! பஸ்ஸில் வரும்போதெல்லாம் அந்தக் கோடுகள் பனிக்கு மேலே ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டே வருவேன்.

படிவம் எங்கிருந்தோ மொழிபெயர்க்கப்பட்டு வந்தது. தோள், கை சம்பந்தமான தாளில், "படுக்கை விரிப்பை மடிக்க முடிகிறதா?", "தலைக்கு மேலே உள்ள அலமாரியில் பொருள் வைக்க முடிகிறதா?" என்றெல்லாம் இருக்கும். ஒன்பதாவது கேள்வி, "டென்னிஸ் போன்ற விளையாட்டுகளில் ஈடுபட முடிகிறதா?" கம்பைநல்லூர் சுற்றுவட்டாரத்தில் டென்னிஸ் மட்டையை நேரில் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்களோ. ஆனால் ஒரு வார்த்தையைக்கூட மாற்றக் கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். மாற்றினால் மற்ற ஊர்களோடு ஒப்பிட முடியாதாம். நானும் கிளிப்பிள்ளை மாதிரி அப்படியே கேட்டேன்.

ஒன்றை மட்டும் நானாகச் சேர்த்தேன். "பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் மதிப்பிடுங்கள்" என்றால் பெஞ்சில் இருக்கிறவர்களுக்குப் புரியவில்லை. அதனால், "ஸ்கூல்ல மார்க் போடுற மாதிரிங்க. நீங்கதான் டீச்சர். மார்க் போடுங்க, மேல ஆபீஸுக்கு அனுப்பணும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். எல்லாருக்கும் உடனே புரிந்துவிட்டது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அப்போது வந்தவர்தான் அக்கா. நாற்பத்தைந்து வயதிருக்கும். பக்கத்து ஊரில் பட்டுப்புழு வளர்க்கிறார். கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, வாரம் ஒரு தடவைதான் வீட்டுக்கு வருவார். ஈர வரப்பில் மல்பெரித் தழைக்கட்டோடு வழுக்கி விழுந்து வலது மேல்கை எலும்பு உடைந்துவிட்டது. எலும்பு ஒட்டிய பிறகு கையைத் தூக்க முடியாமல் தோள் இறுகிப்போய், ஆஸ்பத்திரியில் சொல்லி எங்களிடம் வந்தார். இந்த மாதிரி இறுக்கத்துக்கு முதல் சில மாதங்கள் முக்கியம். அப்போது விடாமல் இளக்கினால் கை திரும்ப வரும். விட்டுவிட்டால் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். இதை அக்காவிடமும் சொன்னேன்.

முதல் நாள் மார்க் நூற்றுக்குப் பதினெட்டு. அதன் பிறகு அவர் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. கட்டிலில் படுக்கவைத்துக் கையை மெல்ல மேலே கொண்டுபோவேன். வலிக்கும்போது அவர் கத்தமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு, புழு எத்தனை நாளில் எத்தனை தடவை தூங்கும், தூங்கி எழுந்து எப்படித் தோலை உரித்துப் போடும் என்று சொல்லிக்கொண்டிருப்பார். எனக்கோ கேட்கக் கேட்கக் கண் சொக்கும். கையைப் பிடித்தபடியே நான் எங்கோ போய்விடுவேன். "மேடம், தூங்கிட்டீங்களா?" என்று அவர் கேட்ட பிறகுதான் திரும்பி வருவேன்.

நாலாவது வாரம் ஐம்பத்திரண்டு. ஐந்தாவது வாரம் எழுபத்தொன்று. ஏழாவது வாரம் தொண்ணூற்றாறு!

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். மூட்டு எத்தனை தூரம் மடங்குகிறது என்று கோணம் அளக்க எங்களிடம் ஒரு கருவி உண்டு. அந்த மாதம் அது மேசை டிராயரை விட்டு வெளியே வரவே இல்லை. பெஞ்சு நிறைய ஆட்கள், மாதக் கடைசி, அனுப்ப வேண்டிய தாள்கள். "கையைத் தூக்குங்க அக்கா" என்றேன். அவர் இடது பக்கம் சாய்ந்து, தோளைக் குலுக்கி ஏற்றி, எப்படியோ விரலைத் தலைக்கு மேலே காட்டினார். சரி போதும் என்று எழுதிவிட்டேன். தொண்ணூற்றாறு என்று தாளே சொல்லும்போது கண் எதற்கு? "உங்களுக்குக் குணமாயிடுச்சு, இனி வர வேண்டாம்" என்று சந்தோஷமாக அனுப்பிவைத்தேன். வாசல் வரை போனவர் திரும்பி வந்து இடது கையால் என் கன்னத்தைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொண்டார்.

அந்த மாதக் கூட்டத்தில் எல்லா மையங்களின் கோடுகளையும் திரையில் போட்டுக் காட்டினார்கள். எங்கள் மையத்துக் கோடுதான் மற்ற எல்லாவற்றையும்விடச் செங்குத்தாக ஏறியிருந்தது. கைதட்டினார்கள். அன்று மாலை பஸ்ஸில் நான் தரையிலேயே இல்லை.

படிவத்தின் விதிப்படி சிகிச்சை முடிந்து ஆறு வாரம் கழித்து வீட்டுக்கே போய் ஒரு தடவை கேட்க வேண்டும். அப்படித்தான் ஒரு மதியம் அக்காவின் ஊருக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி வயல்களுக்கு நடுவே நடந்தேன். வெயில் இல்லை. வானம் சாம்பல் நிறத்தில் தாழ்ந்து கிடந்தது. இரண்டு பக்கமும் ஆளுயர மல்பெரி, காற்றில்லாமல் அசையாமல் நின்றது. எங்கேயோ யாரோ கன்னடத்தில் மாட்டை அதட்டும் குரல் கேட்டது, ஆள் தெரியவில்லை. எவ்வளவு நேரம் நடந்தேன் என்றே தெரியாத மாதிரி ஒரு மயக்கம்.

வீட்டுக்குப் பின்னால் தோட்டத்து ஓரத்தில் புழு வளர்க்கும் ஷெட். சுற்றிலும் பச்சை வலை கட்டியிருந்தது. வெளியே வெட்டிய மல்பெரித் தழை கட்டுக்கட்டாகக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் அக்கா முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே என்னவோ மாதிரி ஆனது.

"வாங்க மேடம், வாங்க. வூட்டுக்குள்ள போயி உக்காருங்க. ஷெட்டு பக்கம் மட்டும் வேணாங்க."

அது அந்தப் பக்கத்து வழக்கம்தான். புழு வளர்க்கிற ஷெட்டுக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள். காலோடு நோய் வந்துவிடும் என்பது ஒன்று, கண் பட்டுவிடும் என்பது இன்னொன்று. நான் தப்பாக நினைக்கவில்லை. வாசலில் கிடந்த கல்லிலேயே உட்கார்ந்து தாளை எடுத்தேன்.

"படுக்கை விரிப்பை..."

"பத்துங்க."

"தலைக்கு மேலே உள்ள..."

"பத்துங்க மேடம்."

கேள்வி முடியும் முன்பே பதில் வந்தது. டென்னிஸுக்கும் பத்து. நான் எழுதிக்கொண்டே போனேன். மையத்துக்கு வரும் நாட்களில் யாராவது தலையை இறுக்கிப் பின்னிவிட, பின்னல் முதுகில் தொங்கும். அன்று பின்னலை முன்பக்கம் தோள் மேல் இழுத்துவிட்டு, நுனியில் ஒரு முடிச்சுப் போட்டிருந்தார். கண்ணில் பட்டது. மனதில் படவில்லை.

கடைசிக் கேள்வியை எழுதிக்கொண்டிருந்தபோது தாள் மேல் ஒரு சொட்டு விழுந்தது. அண்ணாந்து பார்ப்பதற்குள் தூறல் பிடித்துவிட்டது.

"அய்யய்யோ தழை!" என்று அக்கா ஓடினார். ஈரத் தழையைப் புழுவுக்குப் போட்டால் நோய் வந்து மொத்தமும் போய்விடும். அது புழுக்கள் கூடு கட்டுவதற்கு முந்தைய கடைசி வாரம், இரவு பகல் பார்க்காமல் தின்கிற நேரம். வேறு தழைக்கு எங்கே போவது? நான் தாளை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு தழைக்கட்டை அப்படியே அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு ஷெட்டை நோக்கி ஓடினேன். "மேடம் வேணாங்க, வேணாங்க!" என்று பின்னால் குரல் கேட்டது. செருப்பை உதறிவிட்டு, வாசலில் தூவியிருந்த சுண்ணாம்பை மிதித்து உள்ளே போய்விட்டேன். அக்கா ஒன்றும் நான் இரண்டுமாகப் போய்ப் போய் எல்லாக் கட்டுகளையும் உள்ளே சேர்த்தோம்.

அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன்.

உள்ளே பச்சை வலை வழியாக வந்த வெளிச்சம். எல்லாமே பச்சை. என் கை, அக்காவின் முகம், காற்று எல்லாம் பச்சை. வெதுவெதுப்பாக, இலை வாசனையோடு, ஒரு குளத்துக்கு அடியில் நிற்பது போல இருந்தது. தூறல் சத்தம் சடசடவென்று கேட்டுக்கொண்டே இருந்தது. சற்று நேரம் கழித்து வாசல் வழியாக வெளியே பார்த்தேன். தூறல் எப்போதோ நின்றுவிட்டிருந்தது. ஆனால் சத்தம் நிற்கவில்லை. அதே சடசட, அதே மழை, எனக்கு நாலா பக்கமும் பெய்துகொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான புழுக்கள் தழை தின்னும் சத்தம் அது என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வாழ்நாளில் அப்படி ஒரு மழையை நான் கேட்டதில்லை. அங்கேயே உட்கார்ந்து தூங்கிவிடலாம் போலிருந்தது.

அந்த மயக்கத்தோடே கண்ணை மேலே ஓட்டினேன். ஷெட் முழுக்கக் கம்பி ரேக்குகள். ஒவ்வொன்றிலும் நான்கு தட்டுகள். கீழ்த் தட்டு, அதற்கு மேல் தட்டு, இரண்டிலும் புழுக்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு நெளிந்தன. மேலே இருந்த இரண்டு தட்டும் காலி. பழைய செய்தித்தாள் விரித்து, தூசி படிந்து கிடந்தன. எல்லா ரேக்கிலும் அப்படியே. எங்கே காலி ஆரம்பிக்கிறதோ அது சரியாக அக்காவின் தோள் உயரம்.

நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். இப்போது அந்தப் பின்னலும் எனக்குப் புரிந்தது. கை பின்னால் போகாததால் முன்னால் இழுத்துப் பின்னியிருக்கிறார்.

"கையைத் தூக்குங்க அக்கா."

அவர் வழக்கம் போல இடது பக்கம் சாய்ந்தார். நான் போய் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "சாயாம தூக்குங்க" என்றேன். கை தோள் மட்டம் வரை வந்து நடுங்கி நின்றுவிட்டது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தாங்கிக்கொண்டார். அதற்கு மேல் ஓர் அங்குலம் இல்லை.

எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம்! "எதுக்குக்கா பொய் சொன்னீங்க? தொண்ணூத்தாறுன்னு போட்டீங்களே! ஆறு வாரம் போச்சே! இந்த நேரத்தை விட்டா கை இப்படியே நின்னுடும்னு சொன்னேனா இல்லையா?" என்று கத்தினேன். நோயாளியிடம் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. புழுக்கள் பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தன.

அக்கா நிமிரவே இல்லை. "உங்களுக்குத்தானுங்க மேடம் போட்டோம் மார்க்கு" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவரே மெதுவாகச் சொன்னார்.

"நீங்கதான சொன்னீங்க, மார்க்கு போடுங்க, ஆபீஸுக்கு அனுப்பணும்னு. உங்களுக்கு கான்ட்ராக்ட் வேலையாம், மார்க்கு கம்மியானா மாத்திடுவாங்கன்னு பெஞ்சுல பேசிக்கிட்டாங்க. பாவம், தெனமும் தருமபுரியில இருந்து பஸ்ஸு ஏறி வருது அந்தப் பொண்ணு, மொகம் சுளிக்காம கையையும் காலையும் புடிச்சி வுடுது, நம்மால அதுக்குக் கெட்ட பேரு வரலாமான்னு எல்லாரும் பேசி வெச்சோமுங்க."

"எல்லாருமா?"

"எல்லாருந்தான். எடுத்த ஒடனே அள்ளிப் போட்டா சந்தேகம் வரும், வாரா வாரம் கொஞ்சங் கொஞ்சமா ஏத்துங்கன்னாங்க. கடைசியில நூத்துக்கு நூறு போடாதீங்க, ஒண்ணு ரெண்டு எடத்துல எட்டு, ஒம்பது போடுங்கன்னாங்க. அதனாலதான் அங்க கடைசி வாரம் நான் படுக்கை விரிப்புக்கு எட்டுன்னு சொன்னனுங்க."

எட்டைப் படுக்கை விரிப்புக்குக் கொடுத்துவிட்டு, டென்னிஸுக்குப் பத்து கொடுத்திருக்கிறார். நானும் அதை எழுதியிருக்கிறேன், கூட்டியிருக்கிறேன், அனுப்பியிருக்கிறேன், கைதட்டல் வாங்கியிருக்கிறேன். கூட்டத்தில் திரையில் செங்குத்தாக ஏறிய அந்தக் கோடு எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து பேசி முடிவு செய்த கோடு. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அழுகைதான் ஜெயித்தது. அங்கேயே தழைக்கட்டின் மேல் உட்கார்ந்து விசும்பி அழுதேன்.

அக்கா பதறிப்போய் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "அழுவாதீங்க மேடம். அவ்ளோ பாடுபட்டீங்க. உங்க மூஞ்சிக்கு நேரா இன்னும் வலிக்குதுன்னு எப்பிடிங்க சொல்றது? நன்றிகெட்டதனமா இருக்காதா?" என்று என் கண்ணைத் துடைக்கக் கையை எடுத்தார். வலது கை. அது என் முகம் வரை வரவில்லை. இடது கையால் துடைத்தார்.

அந்தக் கைக்குப் போன ஆறு வாரத்தை நான்தான் தொலைத்தேன். வலியைச் சொல்வது நன்றிகெட்டதனம் என்று நினைக்கும் ஆட்களிடம் போய், நானே தாளை நீட்டி, நானே சிரித்துக்கொண்டு, எனக்கு மார்க் போடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு வேறு எப்படிப் போடத் தெரியும்?

அந்த மழைச் சத்தம் மட்டும் பெய்துகொண்டிருந்தது. பிறகு இடுப்பிலிருந்த தாளை எடுத்துப் பின்பக்கம் திருப்பினேன். "அக்கா, இதை நான் யாருக்கும் அனுப்பப் போறதில்லை. இது உங்க கைக்கு. எனக்கு வேலை போனாலும் பரவாயில்லை, உள்ளதைச் சொல்லுங்க. இந்த மேல் தட்டுக்குத் தழை போட முடியுமா?"

நெடுநேரம் ரேக்கையே பார்த்தார். "பூஜ்யமுங்க."

"பின்னால கையை விட்டுப் பின்னல் பின்ன?"

"ஒண்ணுங்க."

"தண்ணிக் குடத்தை இடுப்புல இருந்து எடுத்து மேடை மேல வைக்க?"

"ரெண்டு கையும் சேத்தா மூணு போடலாமுங்க."

"வலது பக்கம் திரும்பிப் படுக்க?"

"ராத்திரி ஒரு மணிநேரம் சேந்தாப்புல தூங்கி எத்தினி நாளாச்சு மேடம்" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார். இத்தனை வாரம் கட்டிலில் ஒரு சத்தம் போடாதவர் அன்று வாய்விட்டு அழுதார். நான் தடுக்கவில்லை.

புழுக்களை விட்டுவிட்டு அந்த வாரம் அவரால் மையத்துக்கு வர முடியாது. அதனால் தினமும் வேலை முடிந்ததும் நானே அங்கே போனேன். அக்காவே என் காலில் மருந்துத் தண்ணீரை ஊற்றி, ஷெட்டுக்குள் கூட்டிப்போனார். கட்டில் இல்லை, கப்பி இல்லை. ரேக்கின் கம்பிக் காலில் விரல்களை வைத்து, பல்லி ஏறுவது போல ஒவ்வொரு விரலாக மேலே நகர்த்தச் சொன்னேன். நான் பின்னாலிருந்து சாயவிடாமல் பிடித்துக்கொள்வேன். எங்கே விரல் நின்றதோ அங்கே சுண்ணாம்பைத் தொட்டு ஒரு கோடு இழுப்போம். மறுநாள் அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டும். சில நாள் தாண்டினார். சில நாள் கோட்டுக்குக் கீழேயே நின்று, "இன்னிக்கி எட்டலீங்க" என்றார். அந்தப் பச்சை வெளிச்சத்தில், புழுக்களின் மழைக்கு நடுவே, விரல்கள் மேலே போவதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு நாள் போனபோது மழை நின்றிருந்தது. புழுக்கள் கூடு கட்டத் தொடங்கிவிட்டன என்றார் அக்கா. நெருக்கி வளர்த்ததால் அந்தத் தடவை கூடுகள் சிறிதாகத்தான் வந்தன.

மையத்திலும் பெஞ்சில் இருந்தவர்களை ஒவ்வொருவராகத் தனியே உட்காரவைத்து மறுபடி கேட்டேன். முட்டி வலிக்காக வந்துகொண்டிருந்த ஒரு பெரியவர், "எங்களுக்குள்ள பேசினது உங்க காதுக்கு வந்துடுச்சா?" என்று வெட்கப்பட்டுச் சிரித்தார். எண்கள் மடமடவென்று இறங்கின. அடுத்த கூட்டத்தில் எங்கள் மையத்துக் கோடு கிணற்றுக்குள் விழுந்த மாதிரி தெரிந்தது. நான் எழுந்து நின்று நடந்ததை மறைக்காமல் சொன்னேன். வேலை போகும் என்றே நினைத்தேன். ஒருவரும் கைதட்டவில்லை. ஆனால் பின் வரிசையில் இருந்த இன்னொரு மையத்துப் பெண் மெதுவாகக் கையைத் தூக்கி, "எனக்கும் ஒரு சந்தேகம் இருக்குங்க சார், எங்க ஊர்லயும் டென்னிஸுக்கு நிறைய பேர் பத்து போட்டிருக்காங்க" என்றார். அதன் பிறகு யார் சிகிச்சை தருகிறாரோ அவர் கேட்கக் கூடாது, வேறு மையத்து ஆள் வந்துதான் கேட்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். படிவத்தை மாற்றவில்லை. ஆனால் நோயாளி தன் வாழ்க்கையிலிருந்து தானே சொல்லும் மூன்று வேலைகளை எழுதத் தனியாக ஒரு தாள் சேர்ந்தது. என் வேலையும் போகவில்லை.

நான் படிவத்தை இன்றும் விடவில்லை. எண் பொய் சொல்லவில்லை, நான் கேட்ட விதம்தான் பொய்யை வரவழைத்தது. இப்போது டிராயரில் எந்தக் கருவியும் தூங்குவதில்லை. கேட்டு எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவையாவது நோயாளி வேலை செய்யும் இடத்தைப் போய்ப் பார்த்துவிடுகிறேன். பஸ்ஸில் கனவு காண்பதை மட்டும் நிறுத்த முடியவில்லை.

அக்காவின் கை முழுசாகத் திரும்பி வந்துவிட்டது என்று சொல்ல ஆசைதான். வரவில்லை. மூன்றாவது தட்டு வரை எட்டுகிறது. கடைசித் தட்டுக்கு ஒரு முக்காலி போட்டு ஏறிக்கொள்கிறார். அந்த ஆறு வாரம் வீணாகாமல் இருந்திருந்தால் முக்காலி தேவைப்பட்டிருக்காதோ என்ற கேள்வி எனக்குள் இருக்கிறது. அதற்கு எந்தப் படிவத்திலும் பதில் இல்லை.

ஏழெட்டு மாதம் கழித்துக் கடைசித் தடவையாகக் கேட்க, வேறு மையத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். நான் உள்ளே இன்னொருவரின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வாசல் பெஞ்சிலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"தட்டுக்குத் தழை போடுறதுக்கு ஏழுன்னு எழுதிக்கங்க. கூட்டிப் போடாதீங்க. மேடம் நல்லாத்தான் பாக்குறாங்க, ஆனா எனக்கு இன்னும் வலிக்குதுங்க."

என் தொழிலில் இதுவரை எனக்குக் கிடைத்ததிலேயே பெரிய மரியாதை, நான் கேட்கும் தூரத்தில் இருக்கிறேன் என்று தெரிந்தும் அவர் தயங்காமல் சொன்ன அந்த 'இன்னும் வலிக்குதுங்க'தான் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.